பள்ளி திறக்கும்போது வருகிறவள்

கோபிசெட்டிபாளையம்
18.6.1995

கலீல்,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஆறு வருடம் இருந்தாயிற்று. இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாய். ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை விடைத்தாள் திருத்தும் வேலையாகக் கோவைக்கு வந்திருந்தேன். மாலையில் காந்திபுரத்தில் கோபி பஸ்ஸுக்காக நின்றேன். எதிரில் பள்ளிக்கூட நோட்டும் அட்டையும் விற்கிற ஒரு கடை. சிறுவர் புத்தகங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். நீ வரைந்த ஒரு புத்தகத்தின் அட்டையில், மஞ்சள் மூட்டைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வலது காலைத் தூக்கி இடது கணுக்கால்மேல் போட்டு, கட்டைவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு.

அப்படி உட்காராதே, நரம்பு பிடித்துக்கொள்ளும் என்று நான் ஆயிரம் தடவை சொன்ன உட்கார்வு அது. பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

"பாப்பாவுக்குங்களா சார்? என்ன வயசுங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பதிமூணு" என்றேன்.

"அப்ப இது ரொம்பச் சின்னப் புஸ்தகமா இருக்குமுங்களே" என்றார்.

என் மகள் லோகு செத்தபோது அவளுக்கு ஏழு வயது, கலீல். உனக்குத் தெரியாததல்ல. மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது என் பக்கத்தில் நின்றவன் நீ. என் வாயிலிருந்து பதிமூணு என்று எப்படி வந்தது? நீதான் அந்த வயதை அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். அட்டையைப் பார்த்ததும் என் நாக்கு அதைப் படித்துவிட்டது.

உன் பெயர் போட்ட பழைய புத்தகங்கள் எல்லாம் வேண்டும் என்றேன். உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு கட்டு எடுத்து வந்தார். அடுத்த பஸ்ஸில் மடியில் வைத்து வருட வரிசைப்படி அடுக்கினேன். "பஸ் ஏறிய ஆட்டுக்குட்டி", "ஆமை கேட்ட கிணறு" இரண்டும் நான் எழுதி நீ படம் போட்டவை. அவற்றில் அவள் ஆறும் ஏழுமாக இருப்பது நியாயம். நீ பார்த்து வரைவதற்காக உன் போர்டுக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள். ஆனால் அவள் போய் ஒரு வருடம் கழித்து, என்னைக் கேட்காமல், நீயே கதையும் எழுதி வெளியிட்ட புத்தகத்தில் அவளுக்கு எட்டு. அதற்கடுத்ததில் ஒன்பது. இப்படியே ஏறிக்கொண்டு போகிறது.

நாங்கள் அவளைக் கொண்டுபோய் மண்ணில் வைத்தபோது முன்பல் ஒன்று விழுந்து ஓட்டையாக இருந்தது. அந்த மூன்றாவது புத்தகத்தில், முட்டையைத் தேடும் கோழியோடு அவள் சிரிக்கும் பக்கத்தில், அந்த ஓட்டையில் பாதிப் பல் முளைத்திருக்கிறது. அவினாசி தாண்டும்போது அதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் "என்னங்க, மயக்கமா வருதுங்களா?" என்று தண்ணீர் கொடுத்தார்.

இந்த வருடம் அவளுக்குத் தாவணி போட்டிருக்கிறாய். பெரியவளானதற்கு எந்த வீட்டில் அவளுக்குத் திரட்டிச் சீர் செய்தீர்கள்? தட்டுச் சுமந்து வரவேண்டிய தாய்மாமன் பெருந்துறையில் இருக்கிறார். அவருக்குத் தகவல் சொன்னீர்களா?

இன்னும் ஒன்று. "எழுத்தாளரும் ஓவியருமான கலீல் ரஹ்மான்" என்று டெல்லியில் உனக்கு விருது கொடுத்த செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். காந்திபுரத்தில் லாட்ஜுக்குப் போர்டு எழுதிக்கொண்டு ஏணியில் தொங்கியவனைக் கீழே இறக்கி, நரசிம்மலுவின் அச்சகத்துக்கு அழைத்துப்போய், இவன் யானையைப் பாருங்கள் என்று காட்டியவன் நான். எழுத்தாளராம். ஒரு பக்கத்தில் நான்கு பிழை விடுகிறாய்.

எதற்காக இதைச் செய்கிறாய்? பதில் எழுது.

பாலுசாமி


கோட்டைமேடு, கோவை
2.7.1995

சார் அவர்களுக்கு கலீல் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். வீட்டில் பழனியாத்தா அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை என் மனைவி ரம்லாதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு, "உங்க சாரு நல்லாத்தானுங்க இருக்காரு. சீக்குக்காரரு இவ்வளவு திட்ட முடியாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மறுபடி படித்தேன்.

எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மனதில் நினைத்து வரைய எனக்கு வராது. அது உங்களுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டி வரைய ஆட்டுக்குட்டியைக் கடைக்குள் கட்டிப்போட்டோம். அது புழுக்கை போட, நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த அத்தியாயம் எழுதினீர்கள். கண்ணெதிரே ஒன்று இருந்தால்தான் என் கை நகரும். லோகு போன பிறகு என் எதிரே யார் உட்காருவார்கள்? நரசிம்மலு புத்தகம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரான் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைக்க மனம் வரவில்லை. என் மகள் யுஸ்ராவை நிற்கவைத்தேன்.

என் அம்மா ரம்ஜான் பீவியை உங்களுக்குத் தெரியும். நான் படம் எழுதுவதே அவளுக்குப் பிடிக்காது. வயிற்றுப்பாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டவள். யுஸ்ராவை நிற்கவைத்த அன்று வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட இருக்கற நம்மூட்டுப் புள்ள மூஞ்சியக் காயிதத்துல எழுதாதடா. கழுத்தோட நிறுத்திக்க" என்றாள். இது எங்கள் மார்க்கத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எம்புத்தியில எழுதியிருக்குது, போ" என்றாள்.

கழுத்தோடு நிறுத்தினேன். மேலே ஒரு முகம் வேண்டுமே. என் கைக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு பிள்ளை முகம்தான்.

நடந்தது இவ்வளவுதான் சார். யுஸ்ரா வளர்ந்தாள், படத்தில் இருந்தவளும் வளர்ந்தாள். போன வருடம் யுஸ்ரா மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நின்றாள். அது படத்தில் தாவணியாகிவிட்டது. சீர், தாய்மாமன் எல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

பல் மட்டும் இந்தக் கணக்கில் வராது. யுஸ்ரா உங்கள் மகளைவிட இளையவள். அந்த வருடம் அவளுக்கு ஒரு பல் ஆடக்கூட இல்லை. அதை நான் வரைந்ததாக ஞாபகமே இல்லை. அச்சாகி வந்த பிறகு பார்த்தேன். நரசிம்மலு டீ சொல்லிவிட்டு, என்னய்யா முகம் இப்படி வெளுத்துப்போச்சு என்று கேட்டார். பசி என்றேன். ரம்லாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அதன் பிறகு தெரிந்தேதான் செய்தேன். நிறுத்தியிருக்கலாம். ஏழு வயதிலேயே அவளை நிற்கவைக்க எனக்குக் கை வரவில்லை.

உங்கள் பிள்ளையை வைத்து நான் பிழைப்பதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த அர்த்தம்தான். அதற்கும் சொல்கிறேன். சாயிபாபா காலனியில் உங்கள் வாடகை வீட்டிலிருந்து அவளை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிவருவேன். வழியெல்லாம் போர்டு படிப்பாள். நான் எழுதிய போர்டு வந்தால் மணி அடிப்பாள். அவள் போன பிறகு உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க ஊரே வந்தது. என் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. எனக்கு அவள் என்ன உறவு, யார் வருவார்கள்? நீங்கள் வந்தது ஒரே தடவை. இரண்டாவது புத்தகத்தை நிறுத்து என்று சொல்ல. அச்சாகிவிட்டது சார், புஸ்தகத்திலாவது இருக்கட்டுமே என்றேன். வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனீர்கள். வேலையையும் கோபிக்கு மாற்றிக்கொண்டீர்கள்.

இப்போதும் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன். அதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிழைகளை எண்ணிக்கொள்ளவும்.

கலீல் ரஹ்மான்


கோபிசெட்டிபாளையம்
9.7.1995

கலீல்,

பிழைகள் பதினொன்று.

என் வீட்டில் யாரிடம் எதைக் கேட்பது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். பழனியாத்தாள் அந்தப் புத்தகங்களைப் பார்த்ததில்லை. பார்க்கவும் விடமாட்டேன், கல்லூரியில் என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் அவள் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. தட்டில் சோறு போட்டு யாருக்கோ என்று மூடி வைப்பாள். இப்போது தேறிவிட்டாள். காலையில் எழுந்து கோலம் போடுகிறாள், அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் விடுகிறாள், டி.வி. பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் போய்க் கல்லைப் போடச் சொல்கிறாயா?

உன் விளக்கத்தைப் படித்தேன். அது விளக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு எனக்கு முன்னைவிட மோசமாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே உன் மகள், மேலே என் மகள். உன் தாயார் தன் பேத்திக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று காவல் உட்கார்ந்தார். என் மகளுக்குத்தான் இனிமேல் ஒன்றும் வராதே, அவள் முகத்தை எடுத்துக்கொண்டீர்கள். கீழே இருக்கிறவளுக்கு நாளைக்குக் கல்யாணமாகும், வேறு ஊருக்குப் போவாள். மேலே இருக்கிறவளை நீ எங்கே அனுப்புவாய்?

காலையில் இங்கே கச்சேரி மேட்டு ரோட்டில் பெண்பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாகப் பள்ளிக்குப் போவார்கள். இத்தனை வருடம் அவர்களை நான் பார்த்ததே இல்லை. என் மகள் சின்னவள், அந்தக் கூட்டத்தில் அவளைத் தேட எனக்கு வேலை இல்லை. இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். முந்தாநாள் ஒரு பிள்ளை, "என்னங்க சார், ஏன் எங்களையே பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள். ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு நீ சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இனி அவள் வரக் கூடாது. கூட்டத்தில் ஒருத்தியாக, முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்குள் நிழலாக, எங்கேயும் கூடாது. மீறினால் கோர்ட்டுக்குப் போவேன். செத்தவளின் முகத்தின்மேல் அப்பனுக்கு உரிமை உண்டா என்று வக்கீலைக் கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றார். அவர் யோசிக்கட்டும்; நீ யோசிக்காதே.

க. பாலுசாமி, எம்.ஏ., எம்.ஃபில்.


கோட்டைமேடு
20.7.1995

சார்,

சரி. வரைய மாட்டேன்.

நரசிம்மலுவிடம் சொன்னேன். "பசங்க எல்லாம் அந்தப் பொண்ணுக்காகத்தானய்யா வாங்குது. இனிமே நான் காக்காவ வெச்சா யாவாரம் பண்றது?" என்று கத்தினார். காக்கையை வைத்தே பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோர்ட்டு வேண்டாம். என் வாக்குப் போதும்.

கலீல் ரஹ்மான்


கோட்டைமேடு
10.6.1996

சார் அவர்களுக்கு,

இத்துடன் இந்த வருடப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். "சந்தைக்குப் போன காக்காய்கள்". நரசிம்மலு பேச்சு வாக்கில் சொன்ன காக்காயே தலைப்பில் வந்துவிட்டது. வாக்கைக் காப்பாற்றினேனா என்று நீங்களே பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம். மனிதர் ஒருவரும் இல்லை. விற்கிறவர், வாங்குகிறவர், தராசு பிடிக்கிறவர் எல்லாமே காக்கைகள்.

வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. முதலில் ஒரு பையனை வைத்துத்தான் ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு உவைஸை உட்காரவைத்தேன். கை, கால், சட்டை எல்லாம் வந்தது. முகத்துக்கு வந்தால் அவள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அழித்தேன். கிழவனை வரைந்தேன், கிழவனுக்குள்ளும் அந்தக் கண். சரி, முகத்தை விட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று வெள்ளையாக இடம் விட்டு வைத்தேன். அந்த இடம் என்னைப் பார்த்தது சார். அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. திரும்பவும் போர்டு எழுதப் போய்விடலாமா என்று ரம்லாவிடம் கேட்டேன். "இப்பத்தான் கம்ப்யூட்டர்ல போர்டு அடிக்கறாங்களே, உங்களை யாரு கூப்புடறாங்க?" என்றாள். உண்மைதான். கடைசியில் காக்கை காப்பாற்றியது. காக்கைக்குக் காக்கை முகம்தான்.

யுஸ்ரா வயதுக்கு வந்துவிட்டாள். இனி நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது அவள் இஷ்டம். ஆக, நீங்கள் தடுக்காமல் இருந்திருந்தாலும் இந்த வருடத்தோடு முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நானே நம்பவில்லை.

புத்தகத்தை ஒரு பத்திரிகையில் "புதிய பாதை" என்று பாராட்டியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு என் சலாம்.

கலீல் ரஹ்மான்


கோபிசெட்டிபாளையம்
30.6.1996

கலீல்,

உன் பார்சல் வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். பழனியாத்தாள்தான் வாங்கிப் பிரித்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது புத்தகம் கட்டில்மேல் குப்புறக் கிடந்தது. அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நடையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, இந்த வருசம் புள்ள வல்லீங்களே" என்றாள்.

"எந்தப் புள்ள?" என்றேன்.

"நம்ம லோகுதானுங்க. ரெண்டு தடவ பாத்துப்போட்டேன். வெறுங் காக்காயா இருக்குது."

நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஏதோ மளிகைச் சாமான் விவரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"வருசா வருசம் பள்ளிக்கோடம் தொறக்கற சமயத்துல எங்கண்ணன் பெருந்துறையிலிருந்து புஸ்தகம் கொண்டாருவாருங்க. ஒருக்காப் பாத்துப்போட்டு அவருகிட்டயே குடுத்துருவேன். ஊட்டுல இருந்தா உங்களுக்கு ஆகாதுன்னு. போன வருசம் தாவணியில பாத்தமுங்களா, அண்ணனுக்கு ஒரே அழுகை. மக்யா நாளு காலையில நீங்க காலேசுக்குப் போனதுக்கப்புறம் தட்டு வெச்சுக் கொண்டாந்துட்டாரு. தேங்காய், பழம், பட்டுத் தாவணி. புஸ்தகத்தப் பலகை மேல வெச்சு, செய்யறதச் செஞ்சுபோட்டோமுங்க. மொற இல்லைங்களா? பெரியவளாகி நிக்கற புள்ளைய எப்படிச் சும்மா உடறதுங்க?"

எந்த வீட்டில் சீர் செய்தீர்கள் என்று உன்னைக் கேட்டிருந்தேன். என் வீட்டில் செய்திருக்கிறார்கள். உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்த அதே வாரத்தில்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க தேறியிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கோணுமுன்னு இருந்துட்டேன்."

நான் அவளைப் பற்றி உனக்கு என்ன எழுதினேனோ அதையே அவள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏழு வருடம் ஒரே வீட்டில், ஒரே டி.வி.யைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"ஆராச்சும் கலீலுகிட்ட வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். "வார வருசமாச்சும் வருவாளுங்களா?" என்றாள்.

"அது எழுதறவனத்தான் கேக்கோணும்" என்றேன்.

"அப்பக் கேளுங்க" என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றிலிருந்து அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தட்டில் சோறு போட்டு மூடி வைக்கும் பழைய பழக்கம் திரும்பிவிட்டது. காலையில் அதை எடுத்து நான்தான் வெளியில் கொட்டுகிறேன். காக்கைகள் வருகின்றன. அவற்றை நின்று பார்க்க என்னால் முடியவில்லை.

கலீல், நான் உன்னை மன்னிக்கவில்லை. இரண்டாவது புத்தகத்தை நிறுத்தாததை மன்னிக்கவில்லை, என்னைக் கேட்காமல் மூன்றாவதை எழுதியதை மன்னிக்கவில்லை. எனக்கு விருது கிடைக்காததற்கு நீ காரணமில்லை என்று எனக்குத் தெரியும், அதையும் மன்னிக்கவில்லை. உன் வீட்டுக்குத் துக்கம் கேட்க யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப்போய்த்தான் போன வருடம் உனக்குப் பதில் எழுதினேன்.

வருகிற ஜூனில் லோகுவுக்குப் பதினைந்து ஆகியிருக்கும். யுஸ்ரா நிற்க மாட்டாள் என்கிறாய். கண்ணெதிரே ஒன்று இல்லாமல் உன் கை நகராது என்பதும் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். பழனியாத்தாள் பதினைந்து வயதில், எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், ஈரோட்டில் ஸ்டுடியோவில் எடுத்தது. உயரம், தோள், கையைக் கோத்துக்கொண்டு நிற்கும் விதம் எல்லாம் இதில் இருக்கிறது. இவளுக்குப் பிறந்தவள் இப்படித்தான் வளர்ந்திருப்பாள். கழுத்தோடு நிறுத்திக்கொள். உன் தாயாரின் சட்டம் என் வீட்டு உயிருக்கும் பொருந்தும். மேலே என்ன வரையவேண்டும் என்று உன் கைக்குத் தெரியும்.

தாவணி அரக்கு நிறம், கிளிப்பச்சைக் கரை. பழனியாத்தாள் பீரோவில் மடித்து வைத்திருக்கிறாள். அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். தாய்மாமன் எடுத்த தாவணி அது, அதைத்தான் லோகு உடுத்தியிருக்க வேண்டும். நீ போன வருடம் போட்ட ஊதா நிறம் எங்கள் பக்கத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

கதை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். பிழையும் இருக்கட்டும்.

வரையக் கூடாது என்று உனக்கு எழுதிய கடிதத்தின் கீழே என் பெயர் இருக்கிறது, பட்டங்களோடு. அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெயரையே இதன் கீழும் போட்டால் இரண்டில் ஒன்றை நான் பொய்யாக்க வேண்டும். அதற்கு இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. கேட்டது அவளுடைய தாய், அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும். கச்சேரி மேட்டுப் பெட்டியில் தபால் எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே இதைப் போட்டுவிட்டு வரப்போகிறேன்.